வைஃபை சேனல் காட்டும் செயலி: படத்தை நம்பலாம், நட்சத்திரத்தை நம்ப வேண்டாம்

ஐந்துக்கு மூன்றரை. பிடித்துக்கொண்ட ஒன்றரைக்குக் கணக்குச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

ஒரு மாலைப்பொழுது தட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிற விமர்சனம் இல்லை இது. ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை இந்தச் செயலியோடு குடித்தனமே நடத்தியிருக்கிறேன். ரேழிக்கும் கொல்லைக்கும் இடையே கைப்பேசியை நெஞ்சுயரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, நாலடிக்கு ஒரு தடவை நின்று, எண்ணைக் குறித்துக்கொண்டு நடப்பேன். "அப்பா மறுபடி லெவல் எடுக்கக் கிளம்பிவிட்டார்" என்று மகள் சிரிப்பாள். முப்பத்தோரு வருடம் நீர்வளத் துறையில் பணி ஆய்வாளராக இருந்தவனுக்கு, வாய்க்காலுக்கு மட்டம் பார்க்கிற அந்த நடை போகுமா?

வைஃபை அனலைசர் என்று தேடினால் அந்தப் பெயரிலும் அதை ஒட்டிய பெயர்களிலும் பல செயலிகள் வந்து நிற்கும். ஆகவே பெயரை விட அடையாளம் சொல்வதே உதவும். விளம்பரம் இருக்கக் கூடாது. மூல நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். முக்கியமாக, இணைய அனுமதியையே கேட்காததாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் பட்டியலை எடுக்கிற செயலி அதை வெளியே அனுப்ப வழியில்லாமல் இருப்பது நல்லதுதானே. இந்த மூன்றும் பொருந்தியதைத்தான் நான் போட்டேன். காசு கிடையாது.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விஷயம் விளங்காது. கும்பகோணத்தில், காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே, பழைய தெருவொன்றில் இருக்கிறோம். முகப்பு பதினெட்டு அடி. நீளம் திண்ணையிலிருந்து கொல்லைக் கதவு வரை நூற்றிருபது அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கொல்லை என்று ரயில்பெட்டி கோத்ததுபோல் போகும். சுவர்கள் சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடி கனம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். இடது வீட்டில் மிக்ஸி ஓடினால் எங்கள் கூடத்தில் கேட்கும். வலது வீட்டை நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருகிறவர்கள் தங்கும் விடுதியாக மாற்றிவிட்டார்கள். தெருவுக்கு எதிர்சாரியில் தையற்கடை. அதன் மாடியில் கடைக்காரர் குடும்பம். முன்பெல்லாம் இப்படிப்பட்ட தெருவில் ரகசியம் தங்காது என்பார்கள். இப்போது வைஃபை தங்கவில்லை.

மகள் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு இரண்டாங்கட்டு அறையிலிருந்து வேலை செய்கிறாள். இரவு எட்டு மணிக்கு அவளுக்கு வெளிநாட்டு ஆட்களோடு காணொளிக் கூட்டம். சரியாக அந்த நேரத்தில் முகம் உறையும், குரல் அறுந்து அறுந்து வரும், பிறகு "இணைப்பு நிலையற்றதாக உள்ளது" என்ற வரி. இணைப்புக் கொடுத்தவரின் ஆள் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் ஒரே மருந்து: பிளானை உயர்த்துங்கள், ஐம்பதுக்குப் பதில் நூறு போடுங்கள்.

அதற்கு நான் உடனே தலையாட்டவில்லை. மதகில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்காமல் கடைமடைக்காரன் வயல் காய்கிறது என்று மேட்டூருக்கு எழுத முடியாது. மகளின் மடிக்கணினியைக் கொண்டுபோய் ரவுட்டரில் வயர் குத்திப் பார்த்தோம். இரவு எட்டு மணிக்கே ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வந்தது. ஆக வாசல் வரை குறையில்லை. வீட்டுக்குள் காற்றில்தான் உடைப்பு. இதைப் படிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த வயர்ச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். வயரிலேயே மெதுவாக இருந்தால் சேனலை மாற்றி ஒரு பயனும் இல்லை, இந்தச் செயலியும் உங்களுக்குத் தேவையில்லை.

செயலியைப் போட்டதும் இருப்பிட அனுமதி கேட்கும். பயப்பட வேண்டாம். சுற்றிலுமுள்ள வைஃபை பெயர்களை வைத்தே ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால், அந்தப் பட்டியலைப் பார்க்கவே இருப்பிட அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்டில் விதி வைத்திருக்கிறார்கள். இருப்பிடத்தை அணைத்து வைத்திருந்தால் திரை வெறுமையாக இருக்கும். செயலி கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு நாள் முழுக்க வீணடித்தேன்.

இரண்டாவது இடைஞ்சல் இன்னும் நுட்பமானது. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து எந்தச் செயலியும் இரண்டு நிமிடத்துக்கு நான்கு தடவைதான் காற்றைத் துழாவலாம். நான் கூடத்திலிருந்து முற்றத்துக்கு நடந்து போயிருப்பேன். திரையில் இன்னும் கூடத்து எண்ணே நிற்கும். முதல் வாரம் எடுத்த அளவெல்லாம் இப்படிப் பாழானவை. ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. அமைப்புகளில் கைப்பேசியைப் பற்றிய பக்கத்துக்குப் போய், பில்டு எண்ணை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அங்கே வைஃபை ஸ்கேன் கட்டுப்பாடு என்ற பொருளில் ஒன்று இருக்கும். அதை அணைக்க வேண்டும். பிறகு எண்கள் நம்மோடு சேர்ந்து நடக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள், பேட்டரியைத் தின்னும்.

இனி நல்லதைச் சொல்கிறேன். இந்தச் செயலியின் உயிர் சேனல் படத்தில் இருக்கிறது. கீழே 1 முதல் 13 வரை எண்கள். ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு மேடாக, ஒவ்வொரு நிறத்தில், தன் சேனலின் மேல் கவிந்து நிற்கும். மேட்டின் உயரம் சிக்னலின் பலம், அகலம் அது பிடித்துக்கொள்கிற இடம். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற ஆக்கிரமிப்பை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. பத்து வருடம் வைஃபை பயன்படுத்தியும் தெரியாததை அந்தப் படத்தில் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கூடத்தில் ஓர் இரவு எட்டேகால் மணிக்கு எடுத்த படம்: வீட்டு வைஃபை பேசுகிற அலைப்பகுதிகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் பதினைந்து மேடுகள். 1-ஆம் சேனலில் ஏழு, 6-இல் எங்களுடையதையும் சேர்த்து ஆறு, 11-இல் இரண்டு. 11-இல் நின்ற இரண்டும் விடுதியுடையவை. ஒன்று மைனஸ் 46, மற்றது மைனஸ் 58. சிக்னல் பலத்தை அளக்கிற இந்த டிபிஎம் கணக்கு தலைகீழானது. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். பத்துக் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு, இருபது குறைந்தால் நூறில் ஒரு பங்கு. 1-ஆம் சேனலில் கூட்டம் அதிகம், ஆனால் எல்லாம் மைனஸ் 75-க்கும் கீழே, தெருக்கோடிச் சத்தம். 6-இல் மட்டும் ஒரு மேடு மற்றவற்றைப் போல் இல்லாமல் இரட்டை அகலத்தில், மூட்டை சாய்ந்து கிடப்பதுபோல், 1-ஆம் சேனலிலிருந்து 8 வரை பரவிக் கிடந்தது. பலம் மைனஸ் 57. பெயரைத் தட்டிப் பார்த்தால் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ். தையற்கடை.

இந்த இடத்தில் சேனல் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் செயலி சேனல்களுக்குப் போடுகிற நட்சத்திரத்தின் மேல் எனக்குள்ள வழக்கு புரியாது. எங்கள் துறைப் பதிவேடுகளில் வாய்க்காலுக்கும் சேனல் என்றுதான் பெயர். அதனால் பதின்மூன்று சேனல் என்றதும் பதின்மூன்று தனி வாய்க்கால் என்றே நினைத்தேன். அப்படி இல்லை. 1-ஆம் சேனலின் நடு 2412 மெகாஹெர்ட்ஸ், அடுத்தது 2417, அதற்கடுத்தது 2422. ஐந்தைந்தாகத்தான் நகர்கிறது. ஆனால் ஒரு ரவுட்டர் பேசுவதற்கு இருபது வேண்டும். ஐந்தடிக்கு ஒரு கல் நட்டுவிட்டு இருபதடி அகலத்தில் வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும்? ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றையொன்று தொடாமல் ஓடக்கூடியவை மூன்றே: 1, 6, 11. மீதி எண்களெல்லாம் அளவுக்கல்.

அடுத்த சங்கதிதான் பலரும் தவறவிடுவது. ஒரே சேனலில் இருக்கிற இரண்டு ரவுட்டர்கள் பகையாளிகள் இல்லை. ஒவ்வொன்றும் பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கும். மற்றது பேசினால் பொறுத்திருந்து, அது முடித்ததும் பேசும். நாங்கள் தண்ணீர் குறைந்த வருடங்களில் ஆறு நாள் காவிரிக்கு, ஆறு நாள் வெண்ணாற்றுக்கு என்று முறை வைத்து விடுவோமே, அதுபோல. தாமதம் உண்டு, ஆனால் வரவேண்டியது வந்து சேரும். பாதி மேல் பாதி கவிந்து கிடக்கிற பக்கத்துச் சேனல்காரன் பேசுவதோ இதற்கு மொழியாகவே கேட்காது, வெறும் இரைச்சலாகக் கேட்கும். முறை வைக்க ஆளில்லை. அனுப்பியது சிதையும், மறுபடி அனுப்பும், அதுவும் சிதையும். மகளின் முகம் உறைந்து நின்றது அப்போதுதான்.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். செயலியில் இன்னொரு பக்கம் ஒவ்வொரு சேனலுக்கும் மதிப்பெண் போட்டு, சிறந்தவை இவை என்று பட்டியல் தரும். பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்க்காமல் நேரே இங்கேதான் வருவார்கள், நானும் வந்தேன். 8-க்கும் 13-க்கும் நட்சத்திரம் வாரி வழங்கியிருந்தது. யாரும் உட்காராத நாற்காலி என்பதால்.

8-ஐப் போட்டேன். அன்று இரவு மகள் கூட்டத்திலிருந்து மூன்று தடவை தூக்கியெறியப்பட்டாள். ஏன் என்று பிறகுதான் தாளில் போட்டுப் பார்த்தேன். 8-இன் நடு 2447. இருபுறமும் பத்துப் பத்து எடுத்தால் 2437-இலிருந்து 2457 வரை. 6-இல் இருப்பவர்களின் மேல்பாதியும் விடுதியின் கீழ்விளிம்பும் அதற்குள் வந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பு இரைவது 2450-ஐ ஒட்டி. விடுதிக்காரர் எட்டரைக்கு இட்லி சூடாக்குவார். இரண்டு ஊருக்கும் நடுவரப்பில் வீடு கட்டி இரண்டு ஊர்ச் சண்டையையும் வாங்கிக்கொண்ட கதை.

13 இன்னும் வேடிக்கை. இந்தியாவில் 13 வரை தாராளமாகப் பயன்படுத்தலாம், சட்டப்படி தடையில்லை. போட்டதும் எல்லாம் பளிங்குபோல் ஓடியது. நான்கு நாள் நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் மருமகன் அமெரிக்காவிலிருந்து வந்து மடிக்கணினியைத் திறந்தார். ஊர்ப்பட்ட வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுடையது மட்டும் தெரியவில்லை. "மாமா, ரவுட்டர் அணைந்திருக்கிறதா பாருங்கள்" என்கிறார். அவர் மனைவியோ அதே ரவுட்டரில் அதே நேரம் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறாள். அமெரிக்காவில் வழக்கம் 11-ஓடு நின்றுவிடும். அங்கே விற்கிற கருவிகள் பலவற்றுக்கு 12, 13 என்றொரு இடம் இருப்பதே தெரியாது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு வைஃபை இல்லை என்று என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த இரவே 13-ஐக் கைவிட்டேன். 1, 6, 11 மூன்றைத் தவிர வேறெதற்கும் நட்சத்திரம் போடாத ஒரு பொத்தானைச் செயலியில் வைத்திருந்தால் அரை மதிப்பெண் அங்கேயே கூட்டியிருப்பேன்.

இன்னொரு குறை அடிப்படையானது. இதைச் செயலியின் குற்றம் என்று சொல்வது முழுக்க நியாயமில்லை என்றாலும் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஆட்களை எண்ணுகிறது, பேச்சை எண்ணவில்லை. பத்து ரவுட்டர்கள் சும்மா தூங்கிக்கொண்டிருந்தாலும் பத்து மேடு; ஒரே ரவுட்டரில் நாற்பது பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒரு மேடு. ஒரு வாய்க்காலில் எத்தனை மடை என்று எண்ணினால் போதுமா, எத்தனை ஏக்கர் பாய்கிறது என்று பார்க்க வேண்டாமா? படத்தின்படி 11-ஆம் சேனலில் இரண்டே பேர், அதனால் அதுவே தேவலை என்று தோன்றும். திங்கள் முதல் வியாழன் வரை உண்மையும் அதுதான். வெள்ளிக்கிழமை இரவு விடுதி நிரம்பிவிடும், மறுநாள் சனிக்கிழமை திருநள்ளாறு போகிறவர்கள். ஒன்பது மணிக்கு மேல் 11-இல் ஈ புக இடமிருக்காது. செயலியின் திரையில் வியாழக்கிழமைப் படமும் வெள்ளிக்கிழமைப் படமும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதைப் பிடிக்கச் செயலிக்கு வெளியே ஒரு சோதனை வேண்டும். கணினியின் கருப்புத் திரையில் பிங் கட்டளை கொடுத்து ரவுட்டரையே தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ரவுட்டரின் முகவரி 192.168.1.1. வெளியூர்த் தளத்தைத் தட்ட வேண்டாம், அதில் வெளிப்பிரச்சினையும் கலந்துவிடும். வீட்டுக்குள்ளேயே போய்வருகிற பதில் இரண்டிலிருந்து பத்து மில்லிவினாடிக்குள் வந்தால் காற்று சுத்தம். 6-இல் இருந்தபோது எனக்கு 4, 3, 180, 5, 410, பதிலில்லை என்று வந்துகொண்டிருந்தது. செயலி படம் வரைந்து காட்டும். தீர்ப்பை இந்தப் பிங்கிடம் கேட்க வேண்டும், அதுவும் உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் தகராறோ அந்த நேரத்தில்.

ரவுட்டரே தானாகச் சேனல் தேர்ந்துகொள்ளாதா, எதற்கு இத்தனை பாடு என்று கேட்பீர்கள். ஆட்டோ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வீட்டு ரவுட்டர்களில் பல, மின்சாரம் வந்து உயிர்பெறும்போது ஒரு தடவை சுற்றிலும் பார்த்துவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருப்பதில்லை. எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்துவார்கள். வந்ததும் என்ன நடக்கும்? பதினைந்து ரவுட்டர்களும் ஒரே நிமிடத்தில் கண் விழிக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் எட்டிப் பார்க்கும். எல்லோருக்கும் தெரு காலியாகத் தெரியும். மகாமகக் குளத்தில் ஒரே படித்துறையில் எல்லோரும் இறங்கிய மாதிரி போய் உட்காரும். மின்தடைக்கு முந்தின நாளும் மறுநாளும் படம் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். 6-இல் ஆறு இருந்தது ஒன்பதாகியிருந்தது. இந்தப் படத்தை எடுத்து வைக்க முடிகிறதே, அதற்காகவே செயலிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

தையற்கடைக்காரரிடம் போனேன். கைப்பேசியைக் காட்டி, இந்த மூட்டை உங்களுடையது தம்பி என்றேன். முதலில் அவருக்குக் கொஞ்சம் கோபம். "என் வீட்டு வைஃபையை நீங்கள் எப்படி சார் பார்க்கலாம்?" என்றார். பெயரும் சேனலும் எல்லாருக்கும் தெரிகிற வாசல் பலகை, உள்ளே என்ன நடக்கிறது என்று இதில் தெரியாது, கடவுச்சொல் உடைக்கிற கருவி இல்லை இது என்று விளக்கினேன். பிறகு அவருடைய கேள்வி: "நாற்பதை இருபதாகக் குறைத்தால் எனக்கு வேகம் பாதியாகிவிடாதா?"

நியாயமான கேள்வி. ஒற்றை வீடாக வயல் நடுவே இருந்தால் நாற்பதில் லாபம் உண்டு. மூன்று வாய்க்கால் மட்டுமே உள்ள தெருவில் ஒருவர் இரண்டை அடைத்துக்கொண்டால் அவர் நாற்பதில் பேசுவதற்கு இரண்டும் ஒரே சமயத்தில் ஓய வேண்டும். அது அமைவது அபூர்வம். பேசிப் பார்ப்பதைவிடச் செய்து பார்ப்போம் என்று அவர் மகன் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து உள்ளே நுழைந்தான். வயர்லெஸ் பக்கம், 2.4 கிகாஹெர்ட்ஸ், அகலம் என்ற இடத்தில் 20, சேமி. ஒரு நிமிடம் வைஃபை போய் வந்தது. என் கைப்பேசித் திரையில் அந்த மூட்டை சுருங்கி, 6-இன் மேல் ஒழுங்கான மேடாக எழுந்து நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வீட்டில் வேகம் குறையவில்லை. அதுவரை மாடியில் அறுந்துகொண்டிருந்த அவருடைய டிவிகூடச் சரியாக ஓடுகிறது என்று மறுவாரம் சொன்னார். எனக்கு ஒரு ரவிக்கைத் துணி தைத்த கூலி மிச்சம், வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

அவர் மேடு 1-ஐ விட்டு விலகியதும் அந்தச் சேனல் வெளுத்துவிட்டது. அங்கே ஏழு பேர் இருந்தாலும் எல்லாம் தூரத்து ஆட்கள். செயலி அதற்குக் கடைசி நட்சத்திரம் கொடுத்திருந்தது, தலை எண்ணிக்கையை வைத்து. 1-ஐப் போட்டேன். எட்டரை மணி பிங்: 4, 3, 6, 4, 9, 5.

5 கிகாஹெர்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அங்கே நிலம் நிறைய. 2018-இல் அரசு அந்தப் பகுதியில் உரிமம் தேவைப்படாத இடத்தை நன்றாக விரித்துவிட்டது. செயலியில் மேலே தட்டினால் அந்தப் படத்துக்கு மாறலாம். எங்கள் கூடத்தில் தெரிந்தவை நாலே மேடுகள், மூன்று 36-ஐ ஒட்டி. 149-ஐப் போட்டேன், தீர்ந்தது. நடுவிலுள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் ஒரு நிமிடமாவது காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். ரேடார் கேட்டால் சேனலைக் காலி செய்துவிடும். காரைக்காலில் புயல் பார்க்கும் ரேடார் இருக்கிறதே, அதனால் தொல்லை வருமா என்று பேரன் கேட்டான். நல்ல கேள்விக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன். அது எஸ் பேண்ட் வகை, நம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வெகு கீழே ஓடுவது, அதனால் வராது.

5-இன் குறை வேறு. சுவர் தாண்டாது. கூடத்தில் மைனஸ் 48 காட்டியது, முற்றம் தாண்டி இரண்டாங்கட்டில் மைனஸ் 84. எந்தச் சேனல் போட்டாலும் ஒன்றரை அடிக் காரைச் சுவர் மூன்றைத் தாண்டி அது போகப்போவதில்லை. இதைச் சேனல் பிரச்சினை என்று நினைத்து மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். படத்தில் மற்றவர்களின் மேடு தாழ்வாக இருந்து, உங்கள் மேடும் தாழ்வாக இருந்தால், குறை தூரத்திலும் சுவரிலும்தான்.

லெவல் எடுத்த நடையில் பிடிபட்ட இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரவுட்டர் இருந்தது கூடத்துப் பரணில். பாதுகாப்பாக, யார் கையும் படாமல், மனைவியின் சீர்வரிசைப் பித்தளை அண்டாவுக்கும் இரண்டு தவலைக்கும் பின்னால். கும்பகோணத்து அண்டா, எடை சொல்ல வேண்டாம். பரணுக்கு நேர்கீழே நின்றால் மைனஸ் 61. ரவுட்டரை எடுத்துக் கூடத்துத் தூணில் ஆறடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினேன். அதே இடத்தில் மைனஸ் 41. நூறு மடங்கு. சேனல் மாற்றி வந்த நன்மையோடு இதையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டதால், எதற்கு எவ்வளவு பங்கு என்று மகள் கேட்கும்போது நான் அண்டாவை விட்டுவிட்டுச் சேனலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இரண்டாங்கட்டுக்குக் கடைசியில் வயர்தான் இழுத்தேன். இருபத்தைந்து மீட்டர், முற்றத்து ஓட்டுவிளிம்பை ஒட்டி, பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே வைத்து. அதற்கு எந்தச் சேனல் என்று பார்க்க அங்கே நின்று படம் எடுத்தால், தெருப்பக்கத்தில் பதினைந்து காட்டிய அதே செயலி எட்டுத்தான் காட்டுகிறது, வேறு மேடுகள், வேறு உயரங்கள். 6 அங்கே கிட்டத்தட்டக் காலி. ஒரே வீட்டுக்கு இரண்டு பதில். ஆகவே முன்கட்டு 1, பின்கட்டு 6. எந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்களோ அங்கே நின்று படம் எடுங்கள். ரவுட்டர் பக்கத்தில் நின்று எடுத்த படம் ரவுட்டருக்குத்தான் உதவும்.

சில்லறைக் குறைகள்: ஒவ்வொரு ரவுட்டரும் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று ஓர் எண் போடுகிறது. சிக்னல் பலத்தை வைத்துப் போடுகிற கணக்கு, நடுவில் சுவர் இருப்பது அதற்குத் தெரியாது; பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றடியில் இருப்பதைப் பதினெட்டு மீட்டர் என்கிறது. அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எழுத்து சிறியது, என் வயதுக்குக் கண்ணாடி போட்டும் மேட்டின் மேலுள்ள பெயர் தெரிவதில்லை. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஐபோன்காரர்களுக்கு இந்த வகைச் செயலியே கிடையாது என்று சொல்லிவிடலாம், மற்ற செயலிகள் இப்படிச் சுற்றிலும் துழாவ அதில் இடமில்லை. அவர்கள் ஏர்போர்ட் யூட்டிலிட்டி என்ற ஆப்பிளின் சொந்தச் செயலியைப் போட்டு, ஐபோன் அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் ஸ்கேனரைத் திறந்துவிட்டால் பெயர், சேனல், பலம் மூன்றும் பட்டியலாக வரும். படம் வராது.

விடுதிக்காரர் போன வாரம் வந்தார். அவருக்கும் படம் எடுத்துத் தர வேண்டுமாம். இரண்டு கருவியையும் ஒரே 11-இல் வைத்திருக்கிறார், ஒன்றை நகர்த்தச் சொல்லியிருக்கிறேன், எங்கே நகர்த்துவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. வியாழக்கிழமை மறுபடி பராமரிப்பு மின்தடை. மாலை மின்சாரம் வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும்.